கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன்

உங்களை ஒரு கேள்வி கேட்கலாமா?

உங்கள் பல் டாக்டர் கெட்டிக்காரர். ஊசி போட்டது தெரியாமல் போடுகிறார். சொத்தையைச் சுரண்டும்போது நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறீர்கள். 'கைராசிக்காரர்' என்று நாலு பேரிடம் சொல்கிறீர்கள். சரி, அந்தக் கை அப்படிப் பழகியது எப்போது? அவர் தன் வாழ்க்கையிலேயே முதல்முதலாக ஊசி போட்ட ஈறு யாருடையது? அன்றைக்கு அவர் விரல் கொஞ்சமாவது நடுங்கியிருக்குமே, அந்த நடுக்கத்தைத் தாங்கிக்கொண்ட வாய் யாருடைய வாய்?

நிச்சயமாக உங்களுடையது இல்லை. என்னுடையதும் இல்லை.

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று ஒரு பழமொழி சொல்வார்கள். தமிழாசிரியர்கள் உடனே திருத்துவார்கள். 'பேரை' இல்லையப்பா, 'வேரை'. 'கொன்றவன்' இல்லை, 'கொண்டவன்'. ஆயிரம் மூலிகை வேர்களைத் தெரிந்து வைத்திருப்பவனே பாதி வைத்தியன் என்பதுதான் அர்த்தம் என்பார்கள். திருத்தம் சரியாகவே இருக்கட்டும். ஆனால், ஜனங்கள் ஏன் அந்தத் தப்பையே இத்தனை காலமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? வைத்தியம் என்பது புத்தகத்தில் பாதியும் மனுஷ உடம்பில் மீதியுமாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை என்று அவர்களுக்குத் தெரியும். அந்த உடம்பு பெரும்பாலும் தங்களுடையதுதான் என்பதும் தெரியும்.

இதையெல்லாம் நான் யோசிக்கக் காரணம், ஆறு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி.

எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிறவரின் மகள் அவள். ஒன்றாம் வகுப்பு. சாயங்காலம் பள்ளிவிட்டு வந்தால் வண்டிக்கு அடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பாள். நான் துணி கொண்டு போனால், "தாத்தா, இது என்ன சொல்லுங்க?" என்று நோட்டைக் காட்டுவாள். யானை என்று நினைத்து நான் சொன்னால் அது பஸ்ஸாக இருக்கும்.

ஒரு வாரமாக அவள் படம் வரையவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பல்லு வலி சார். ராத்திரியெல்லாம் தூங்கலை. கிராம்புத் தைலம் வெச்சோம், உப்புத் தண்ணி கொப்புளிக்க விட்டோம், மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தோம். விழப்போற பல்லுதானேன்னு இருந்துட்டேன்" என்றார் அப்பா.

இந்த 'விழப்போற பல்லுதானே'யை நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நானும் என் பிள்ளைகள் விஷயத்தில் சொல்லியிருக்கிறேன். பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறு, ஏழு வயதிலேயே ஆடி விழுந்துவிடும், நிஜம். ஆனால், பின்னால் இருக்கிற கடைவாய்ப் பால் பற்கள் அப்படி இல்லை. பத்து, பன்னிரண்டு வயது வரைக்கும் இருந்து சோறு மெல்ல வேண்டியவை அவை. அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அவைதான். ரயிலில் துண்டு போட்டு சீட் பிடித்து வைப்போமே, அந்த மாதிரி. துண்டை முன்னாலேயே எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். அப்புறம் வருகிறவர் கோணலாக நிற்க வேண்டியதுதான்.

தனியார் கிளினிக்குக்குப் போகிற வசதி அவருக்கு இல்லை. "படிக்கிற டாக்டருங்க பாப்பாங்களே சார், அங்கே கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்டார்.

புதுச்சேரிக்காரர்களுக்கு 'படிக்கிற டாக்டர்' புதிதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1823-ல். அந்தப் பரம்பரையில் வந்ததுதான் இன்றைய ஜிப்மர். 1990-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி, மகாத்மா காந்தி பெயரில் கோரிமேடு பக்கம் இந்திரா நகரில் இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் ஊரைச் சுற்றி உண்டு. விழுப்புரம், கடலூர் பக்கத்து ஜனங்களும் விடியற்காலை பஸ் பிடித்து வருகிறார்கள். 200 வருஷமாக இந்த ஊரும் அக்கம்பக்கமும் தங்கள் உடம்பைக் கொடுத்து டாக்டர்களை உருவாக்கிக்கொண்டிருக்கின்றன என்று சொன்னால் தப்பில்லை.

நாங்கள் போனது எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. அங்கே நடந்த ஒரு தவறைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். தவறு செய்தது கல்லூரி இல்லை. நான்.

என் ஸ்கூட்டரில் மூன்று பேரும் போனோம். முன்னால் நின்றுகொண்டு வந்த குழந்தை கேட்டாள், "தாத்தா, ஊசி போடுவாங்களா? வலிக்குமா?"

"சேச்சே... வலிக்கவே வலிக்காது. டாக்டர் அக்கா சும்மா பார்ப்பாங்க, அவ்வளவுதான். முடிஞ்சதும் ஐஸ்கிரீம்."

பல் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஐஸ்கிரீம் லஞ்சம்! ஆனால், இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-ல் கல்கத்தாவில் ஆரம்பித்தவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. அதை நடத்தப் பணம் வேண்டுமே? 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று ஒரு கடை போட்டு, அந்த வருமானத்தில் கல்லூரியை நடத்தினார். ஆக, இனிப்புக்கும் பல் வைத்தியத்துக்கும் நம் நாட்டில் ஆதியிலிருந்தே கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே எல்லாம் முடிந்து குழந்தைகள் பிரிவுக்குப் போனோம். வரிசையாக நாற்காலிகள். சுவரெல்லாம் கார்ட்டூன். ஒரு நாற்காலியில் ஒரு பையன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். இன்னொன்றில் ஒருத்தி கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குக் கிடைத்தது கடைசி வருஷ மாணவி. கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். முதல் வேலையாக அப்பாவிடம், "அண்ணா, நான் ஸ்டூடன்ட்தான். ஒவ்வொரு ஸ்டெப்பும் மேடம் வந்து பார்ப்பாங்க. கொஞ்சம் நேரமாகும். பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

"பரவால்லம்மா" என்றார் அவர்.

இந்தப் 'பரவால்லம்மா'வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

பல் மருத்துவம் படிக்கிறவர்கள் முதலில் பழகுவது பொம்மைத் தலையில். பிளாஸ்டிக் பல், பிடுங்கிய பல் என்று அதில் பொருத்தி, துளைத்து அடைத்துப் பழகுகிறார்கள். பொம்மை எச்சில் விழுங்காது. நாக்கை நீட்டாது. 'தாத்தா...' என்று திரும்பிப் பார்க்காது. பொம்மையிலிருந்து குழந்தைக்கு வருகிற அந்த ஒரு தாண்டலில்தான் படிப்பே இருக்கிறது. தவிர, இத்தனை அடைப்பு, இத்தனை பல் எடுப்பு என்று மாணவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அதை முடித்துக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். ஆகவே, அந்த நாற்காலியில் குழந்தைக்கு டாக்டர் எவ்வளவு தேவையோ, டாக்டருக்கும் குழந்தை அவ்வளவு தேவை.

அந்தப் பெண் அவசரப்படவில்லை. சின்னக் கண்ணாடியைக் குழந்தை கையிலேயே கொடுத்தாள். காற்று ஊதுகிற குழாயை அவள் உள்ளங்கையில் ஊதிக் காட்டினாள். சுழல்கிற பிரஷ்ஷை அவள் கட்டை விரல் நகத்தில் ஓட்டினாள். குழந்தை சிரித்தாள். 'சொல், காட்டு, செய்' என்று இதற்குப் பெயர். 1959-ல் அடல்ஸ்டன் என்கிற அமெரிக்கப் பல் மருத்துவர் எழுதிவைத்த முறை. உலகம் பூராவும் இன்னும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அப்புறம் சொன்னாள்: "இப்போ ஒரு ஊசி. கொசு கடிச்ச மாதிரி சுருக்னு இருக்கும். அஞ்சு எண்ணுறதுக்குள்ள போயிடும். அப்புறம் உதடு குண்டாயிட்ட மாதிரி இருக்கும்."

குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வலிக்கவே வலிக்காதுன்னு தாத்தா சொன்னாரே?"

நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

"தாத்தாவுக்குத் தெரியாதுல்ல... கொஞ்சம் வலிக்கும்டா. இந்தக் கை இருக்குல்ல, ரொம்ப வலிச்சா இதைத் தூக்கு. தூக்கினா உடனே நிறுத்திடுவேன். ப்ராமிஸ்."

ஊசி போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று... குழந்தை கண்ணில் தண்ணீர் வந்தது. கையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெஷினை எடுத்தாள். சத்தம் கேட்டதும் கை மேலே போனது. உடனே நின்றது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி கை. மறுபடி நின்றது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. மூன்றாவது முறை கை எழும்பப் போகும்போது அப்பா, "இரும்மா, ரெண்டே நிமிஷம்" என்று அதட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தச் சின்னக் கையை எட்டிப் பிடித்து, நாற்காலியோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். அன்பாகத்தான். நல்லதுக்குத்தான்.

மெஷின் நின்றது.

"சார், கையை விடுங்க ப்ளீஸ்."

அந்தப் பெண்ணின் குரல் உயரவில்லை. ஆனால், அறுபது வயதில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கையை விட்டேன். குழந்தை அழ ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டுவிட்டாள். என்ன சமாதானம் சொல்லியும் திறக்கவில்லை. மேடம் வந்தார். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை என்று பார்த்தார். குழந்தை கொஞ்சம் அடங்கிய பிறகு கிராம்பு வாசனை அடிக்கிற ஒரு மருந்தைக் குழியில் வைத்து மூடி, "அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பினார்கள். அன்றைய வேலை அந்த மாணவியின் கணக்கில் ஏறவில்லை.

வெளியே வந்ததும் அப்பா வெடித்தார். "புடிச்சு வெச்சிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும் சார். அந்தப் பொண்ணுக்கு என்ன, படிக்குது. எனக்கு இன்னொரு நாள் வண்டி நிக்கும். யாரு குடுப்பா?"

இப்போது சொல்லுங்கள். யார் செய்தது சரி?

அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். அப்பா கேட்டது நியாயமான கேள்வி. குழந்தையிடம் காட்டிய கருணைக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கட்டியது மாணவி மட்டும் இல்லை, அவரும்தான். ஒரு நாள் இஸ்திரி. நாம் பெருந்தன்மையாக இருக்கும்போது பில் வேறு யாருக்காவது போகிறதா என்று பார்ப்பதும் ஒழுக்கத்தின் ஒரு பகுதிதான்.

ஆனால், அந்த மாணவி பல்லை மட்டும் பார்க்கவில்லை. அவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். நம்மில் எத்தனை பேர் ஆறு வயதுக் குழந்தைக்குக் கொடுத்த வாக்கை வாக்காகவே மதிக்கிறோம்? பேங்க் மேனேஜருக்குக் கொடுத்த தேதியை மறப்பதில்லை. 'ஞாயித்துக்கிழமை பீச்சுக்குப் போலாம்' என்பதைச் சனிக்கிழமையே மறந்துவிடுகிறோம். காரணம், குழந்தை நம் மேல் கேஸ் போடாது. நம்மை ஒன்றும் செய்ய முடியாதவர்களிடம் சொன்ன சொல்தான் நம் யோக்கியதைக்கு உரைகல். பலசாலிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில் பாதி பயம்.

அடுத்தது என் பொய். 'வலிக்கவே வலிக்காது.' வள்ளுவரே, குற்றமில்லாத நன்மையைத் தருமென்றால் பொய்யும் உண்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார் என்று நீங்கள் வாதாடலாம். நானும் ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது அப்படித்தான் எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். ஆனால், வள்ளுவர் 'நன்மை' என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, குற்றமில்லாத நன்மை என்கிறார். என் பொய்யால் வந்தது என்ன? நாற்காலி வரைக்கும் அவள் நிம்மதியாக வந்தாள். நல்லது யாருக்கு? பத்து நிமிஷம் தொந்தரவில்லாமல் வண்டி ஓட்டிய எனக்கு. ஊசி குத்திய நொடியில் அவளுக்குத் தெரிந்துபோனது, பெரியவர்கள் சொல்வதை நம்பக் கூடாது என்று. குழந்தைகளிடம் நாம் சொல்லும் பொய்களில் பெரும்பாலானவை இப்படித்தான். அவர்களுக்காக என்று பெயர். அனுபவிப்பது நாம்.

பிடித்து வைத்துச் செய்வதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அழுகிற குழந்தையின் வாயைக் கையால் பொத்தி, அழுகை நின்றால் கையை எடுப்பேன் என்று சொல்கிற ஒரு முறை அமெரிக்காவில் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. பல தலைமுறை டாக்டர்கள் அதைச் செய்தார்கள். கெட்டவர்கள் இல்லை, நல்லதுக்குத்தான் என்று நம்பினார்கள். 2006-ல் அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாதெமி தன் வழிகாட்டியிலிருந்து அதை நீக்கியது. என் கையும் அந்தப் பழைய பாடத்தைத்தான் செய்தது.

அப்படியானால், குழந்தை கையைத் தூக்கினால் எப்போதும் நிறுத்தியே ஆக வேண்டுமா? முடியாது. சீழ் பிடித்து முகம் வீங்கி, காய்ச்சலோடு வருகிற குழந்தை இருக்கிறது. அங்கே தாமதம் ஆபத்து. அழுதாலும் செய்ய வேண்டியதைச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால், அப்போது 'கையைத் தூக்கினால் நிறுத்துவேன்' என்று சொல்லக் கூடாது. 'இதை நிறுத்த முடியாதுடா, நான் சீக்கிரமா முடிக்கிறேன், அப்பா உன் பக்கத்துலயே இருப்பாரு' என்று சொல்லலாம். வலி தருவது சில சமயம் தவிர்க்க முடியாதது. ஏமாற்றுவது அப்படி இல்லை.

சரி, 'பரவால்லம்மா'வுக்கு வருவோம்.

மாணவி கேட்டாள், அப்பா சம்மதித்தார். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால், அவரால் 'பரவாயில்லை இல்லை' என்று சொல்லியிருக்க முடியுமா? இன்னொரு கதவு திறந்திருக்கும்போது இந்தக் கதவுக்குள் போனால் அதற்குப் பெயர் சம்மதம். ஒரே கதவுதான் என்றால் அதற்கு என்ன பெயர்? என் பிள்ளைகளுக்குப் பல் வலி வந்தபோது நான் ஏ.சி. போட்ட கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த டாக்டரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கல்லூரி நாற்காலியில், 'பரவால்லம்மா' என்று சொன்ன யாரோ ஒருவருடைய குழந்தையிடம்தான் கற்றுக்கொண்டு வந்திருப்பார். அதாவது, என் பிள்ளைகளின் வலியில் ஒரு பங்கை இன்னொரு குழந்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டுவிட்டது. நான் டாக்டருக்கு ஃபீஸ் கொடுத்தேன். அந்தக் குழந்தைக்கு என்ன கொடுத்தேன்?

இந்தக் கணக்கைப் பார்க்காமல் விட்டால் எதுவரை போகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 'சாக்லேட் பல்லில் ஒட்டிக்கும், சாப்பாட்டுக்கு நடுவுல தின்னாதே' என்று குழந்தைகளிடம் சொல்கிறோம் இல்லையா? இது எப்படி உறுதியாகத் தெரிந்தது? ஸ்வீடனில் லுண்ட் நகரத்துப் பக்கம் விப்பெஹோல்ம் என்று ஒரு விடுதி. மனவளர்ச்சி குன்றியவர்களை வைத்திருந்த இடம். அரசாங்க அனுமதியோடு 1945-ல் அங்கே பல் ஆராய்ச்சி தொடங்கியது. சில வருஷத்தில் அங்கிருந்தவர்களுக்கு மிட்டாய் கொடுக்க ஆரம்பித்தார்கள். பல்லில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே தயாரித்த டாஃபி. யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் புரிந்துகொள்ளக்கூடிய நிலையில் அவர்கள் இல்லை. சுமார் 50 பேரின் பற்கள் பாழாயின. கிடைத்த உண்மை, உலகத்துக்கு உபயோகமான உண்மை: இனிப்பு எவ்வளவு என்பதைவிட, சாப்பாட்டுக்கு இடையில் அடிக்கடி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் பல்லை அதிகம் அழிக்கிறது. ஸ்வீடனில் இன்றைக்கும் பல வீடுகளில் மிட்டாய் சனிக்கிழமை மட்டும்தான்.

உண்மை நல்லது. அது வந்த வழி? அந்த மனிதர்கள் கையைத் தூக்கியிருந்தாலும் பார்க்க அங்கே யாரும் இல்லை.

நம் ஊர் பல் கல்லூரியை அதோடு ஒப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். அங்கே கெடுத்தார்கள், இங்கே குணமாக்குகிறார்கள். உண்மையில், கற்பிக்கிற ஆஸ்பத்திரியில் சில விஷயம் தனியார் கிளினிக்கைவிட மேல். ஒரு பல்லுக்கு இரண்டு பேர் கண். ஒவ்வொரு கட்டத்துக்கும் கையெழுத்து. அவசரமாக அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட வேண்டிய நிர்ப்பந்தம் குறைவு. நான் சொல்ல வருவது ஒன்றுதான். கற்றுக்கொள்வதற்காக இன்னொருவர் உடம்பை நாம் வாங்கும்போது, அது சுரண்டலா, கொடுக்கல் வாங்கலா என்று பிரிக்கிற கோடு மிக மெல்லியது. எதிரில் இருப்பவர் 'போதும்' என்று சொன்னால் கேட்கிற ஆள் அந்த அறையில் இருக்கிறாரா என்பதுதான் அந்தக் கோடு. குழந்தை தன் சம்பந்தப்பட்ட விஷயத்தில் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும் என்று ஐ.நா. 1989-ல் ஓர் உடன்படிக்கை போட்டது. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றது. அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ. 'கையை விடுங்க ப்ளீஸ்' என்கிற மூன்று வார்த்தையில் அதைச் செய்தாள்.

அன்று சாயங்காலம் தெருமுனைக்குப் போனேன். அடுத்த வாரம் ஒரு நாள் வண்டி நிற்கிறதே, அந்தக் கூலியை நான் தருகிறேன் என்று பணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டே, "அதெல்லாம் வேணாம் சார். வேணும்னா ரெண்டு செட் துணி அதிகமாப் போடுங்க" என்றார். வீட்டில் இருந்த பெட்ஷீட், டவல் எல்லாம் அந்த வாரம் இஸ்திரிக்குப் போயின. மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அடுத்த வாரம் மறுபடி போனோம். இந்தமுறை ஸ்கூட்டரில் அவள் கேட்டபோது, "கொஞ்சம் வலிக்கும். ஆனா, நீ கையைத் தூக்கினா அக்கா நிறுத்திடுவாங்க. தாத்தா கையைப் பிடிக்க மாட்டேன்" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. நாற்காலியில் தானே ஏறிப் படுத்தாள். மெஷின் சத்தம் கேட்டதும் கையைத் தூக்கினாள். நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி தூக்கினாள். முகத்தில் வலி தெரியவில்லை. மாணவியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்துகிறாளா, இல்லையா? நின்றது. அதற்கப்புறம் அந்தக் கை மடியிலேயே இருந்தது. பல்லைச் சுத்தம் செய்து, மேலே ஒரு வெள்ளிக் கலர் மூடி மாட்டி அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் தெருவில் யாரும் அந்தப் பல்லைப் பார்க்காமல் தப்பிக்க முடியவில்லை.

மேடம் கையெழுத்துப் போடும்போது அந்த மாணவியின் முகத்தைப் பார்த்தேன். அதுவும் ஒரு குழந்தையின் முகமாகத்தான் இருந்தது.

'ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்பார்கள். நாம் அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். ஊரான் பிள்ளை தாங்கிக்கொள்கிறது, நம் பிள்ளை சுகமாக வளர்கிறது. பணம் கொடுத்து இந்தக் கடனைத் தீர்க்க முடியாது. அந்த இஸ்திரிக்காரர் வாங்க மாட்டார். வேறு எப்படி?

எனக்குத் தோன்றிய ஒரே வழியைச் செய்தேன். ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த பல் சுத்தம் செய்யும் வேலைக்கு, வழக்கமான ஏ.சி. கிளினிக்குக்குப் போகாமல் அதே கல்லூரிக்குப் போனேன். ஓ.பி. சீட்டு வாங்கி, பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். கிடைத்தது மூன்றாம் வருஷப் பையன். கையுறைக்குள் விரல் லேசாக நடுங்கியது எனக்குத் தெரிந்தது. "சார், நான் ஸ்டூடன்ட்தான்... பரவாயில்லையா?" என்று கேட்டான்.

"பரவாயில்லைப்பா" என்றேன். எனக்கு இன்னொரு கதவு இருந்தது. ஆகவே, அது நிஜமான சம்மதம்.

"கஷ்டமா இருந்தா கையைத் தூக்குங்க சார், நிறுத்திடுறேன்."

ஆரம்பித்தான். கீழ் முன்பல் ஒன்றில் சுரீர் என்று கூசியது, உச்சந்தலை வரை. கையைத் தூக்கலாம் என்று நினைத்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் பார்ப்பாரே? இந்த வயதில் இதற்குப் போயா? பையன் பயந்துவிடுவானோ? மேடம் என்ன நினைப்பார்? யோசித்து யோசித்து, நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டே நாற்பது நிமிஷம் படுத்திருந்தேன். கடைசிவரை தூக்கவில்லை.

அவளுக்கு ஆறு வயது. என்னை மாதிரி ஒரு கிழவன் பிடித்து அழுத்தியபோதும் மூன்றாவது முறை தூக்கப் பார்த்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். அவள் நோட்டை நீட்டினாள். ஒரு நாற்காலி, அதில் ஒரு குட்டி உருவம், உருவத்தைவிடப் பெரிதாக ஒரு கை. மேலே நீட்டியபடி.

"இது என்ன சொல்லுங்க தாத்தா?"

இந்தமுறை சரியாகச் சொன்னேன்.